அப்பாவின் ஸ்பானிஷ்

காஸெரெஸ்,
12 ஜனவரி 1997

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரயிலில் பிடித்த சளி இரண்டே நாளில் போய்விட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? மாடிப்படியில் அவரைத் தனியாக இறங்கவிடாதே.

எனக்கு அறை கிடைத்துவிட்டது. வீட்டுக்கார அம்மாள் பெயர் கசில்டா. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஒரு கணப்பு வைத்து, மேலே கனமான துணியைத் தரைவரை தொங்கவிட்டிருக்கிறாள். குடும்பமே அதற்குள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. முட்டிக்குக் கீழே வேகிறது, முதுகு உறைகிறது. ஸ்பெயின் என்றால் வெயில் என்று டிராம் பணிமனையில் எல்லாரும் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்களே, அவர்களை இங்கே ஒரு நாள் உட்கார வைக்கவேண்டும்.

பள்ளி ஒரு செருப்புக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. ஆசிரியை லூர்தெஸ் என் பெயரைப் படித்துவிட்டு மலர்ந்துபோனாள். "ஹைக்கே பெர்ரொகால்! பேரைப் பார்த்தா நம்ம பொண்ணு!" அப்புறம் நான் வாயைத் திறந்தேன். "அடப்பாவமே, பேரு மட்டும்தானா?" என்றாள். வகுப்பே சிரித்தது, நானும்தான்.

ஏன் படிக்க வந்தோம் என்று ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். அயர்லாந்துக் கன்னியாஸ்திரீ பெருவுக்குப் போகப்போகிறாள். ஜப்பானியர் ஒருவர் கிதார் செய்யக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார். என் முறை வந்ததும், அகராதியைப் புரட்டிப் புரட்டிச் சொன்னேன்: என் அப்பா இந்தப் பக்கத்துக்காரர். இருபத்தாறு வயதில் ஹனோவருக்கு டயர் தொழிற்சாலை வேலைக்கு வந்தார். வீட்டில் எங்களோடு ஜெர்மன் மட்டும்தான் பேசினார். போன அக்டோபரில் மூளையில் ரத்தம் அடைத்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் ஜெர்மன் முழுக்கப் போய்விட்டது, ஸ்பானிஷ் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அப்பாவோடு பேசத்தான் வந்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினாரே, நினைவிருக்கிறதா? நான் 'ஸீ, ஸீ' என்று தலையாட்டினேன். எதற்கு ஆமாம் போட்டேன் என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்குத்தான் ஆறு மாத விடுப்பு எழுதிக் கொடுக்க முடிவு செய்தேன்.

நீ தொலைபேசியில் ஜெர்மன் பேசுவதைக் கேட்டாலே அவர் மிரள்கிறார் என்பதால் கடிதமே நல்லது. ஒரு வேலை செய்வாயா? அவர் அடிக்கடி சொல்வதைக் காதில் விழுந்தபடியே எழுதி அனுப்பு. தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

உன் மகள்,
ஹைக்கே


ஹனோவர்,
22 ஜனவரி 1997

அன்பு ஹைக்கேவுக்கு,

இங்கே இருவரும் சுகம். முழங்கால் அப்படியே இருக்கிறது. இனி அது மாறாது, நாம்தான் மாறிக்கொள்ளவேண்டும். நீ கம்பளிக் காலுறை கொண்டுபோனாயா? வாசல் மேஜையில் ஒரு ஜோடி கிடக்கிறது, அதனால் கேட்கிறேன்.

அப்பா இப்போது தடி இல்லாமல் ஜன்னல்வரை நடக்கிறார். தானே முகம் மழிக்கிறார். நான் கோட்டை எடுத்துக் கொடுத்தால் தலையைச் சற்றே குனிந்து நன்றி சொல்கிறார். அந்தச் சொல் எனக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருஷத்தில் கோட்டுக்காக அவர் எனக்கு நன்றி சொன்னதே கிடையாது.

நீ கேட்டபடி எழுதினேன். மளிகைப் பட்டியலின் பின்பக்கம் முழுக்க நிரம்பிவிட்டது, தனித்தாளில் வைத்திருக்கிறேன். சூப்பு வைத்தால் "எத்தா ஸோஸா" என்கிறார். 'சூப்பு நன்றாக இருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு நானும் சிரித்து வைக்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது. தினமும் மாலை ஐந்து மணிக்கு எழுந்து நின்று ஜன்னலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "கே ஸெ வாயா அ ஸு காஸா லா ஃபொராஹ்தேரா." காஸா என்றால் வீடு. அது எனக்கே தெரியும். ஃபொராஹ்தேரா யார்? அவர் சொல்கிற விதத்தில் அது ஒரு பெண்ணின் பெயர் மாதிரி இருக்கிறது. பெண்ணின் பெயர்தான் என்றால் மூடி மறைக்காமல் சொல். அறுபதை எட்டப்போகிறேன், மயங்கி விழமாட்டேன்.

காலுறையைத் தபாலில் அனுப்புகிறேன்.

அம்மா


காஸெரெஸ்,
3 பிப்ரவரி 1997

அன்புள்ள அம்மாவுக்கு,

காலுறை வந்தது, நன்றி. இப்போதும் அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நான் நலம். அப்பா தடி இல்லாமல் நடக்கிறார் என்பதைப் படித்துவிட்டு கசில்டாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். சொன்னது மூன்று வார்த்தை, அதில் இரண்டு தப்பு. இருந்தாலும் அவளுக்குப் புரிந்தது.

உன் தாளை லூர்தெஸிடம் காட்டினேன். அவள் வடக்கே வயாதோலித் ஊர்க்காரி. ஒவ்வொரு எழுத்தையும் செதுக்கினாற்போலப் பேசுகிறவள். இரண்டு முறை படித்துவிட்டு, "இது ஸ்பானிஷ்தானா?" என்றாள். அப்புறம், "உங்கப்பா பேச்சு இந்தப் பள்ளிக்கூடத்துல கிடைக்காது. விஸியைப் போய்ப் பாரு" என்று முகவரி கொடுத்தாள்.

விஸிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அரசாங்க வேலைக்கு எட்டாவது முறையாகத் தேர்வு எழுதப்போகிறாள். நடுவில் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். வகுப்பு சமையலறையில்தான். அப்பாவின் ஊரான நாவலென்சினாவுக்கு மூன்றாவது ஊர் அவளுடையது. உன் தாளை வாங்கி, ஒரு வெங்காயத்தை உரித்தபடியே சத்தமாகப் படித்தாள். அம்மா, அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது! எழுத்து எழுத்தாகச் செத்துக் கிடந்தது அவள் வாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

"ஏம்மா, உங்கம்மா சமையல் எப்படி?" என்று கேட்டாள்.

"நல்லா சமைப்பாங்க."

"உங்கப்பா அப்படிச் சொல்லலையே. மூணு மாசமா 'சூப்புல உப்பே இல்லை'ன்னு கத்திக்கிட்டிருக்கார் மனுஷன்."

ஆக, நீ சிரித்து வைத்தது அதற்குத்தான். மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னார் என்று தெரியும். ஆனாலும் ஒரு சிட்டிகை போடேன்.

மற்றவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்: ஜன்னலைச் சாத்து, செருப்பு எங்கே, இன்றைக்கு என்ன கிழமை. தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அந்த ஐந்து மணி வாக்கியம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. விஸி யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

அப்பாவுக்கு என் முத்தம். நீ ஓய்வெடு.

ஹைக்கே


ஹனோவர்,
14 பிப்ரவரி 1997

அன்பு ஹைக்கேவுக்கு,

சுகம். உனக்கு அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

ஒரு சிட்டிகை உப்பு போட்டேன். இரண்டு கிண்ணம் குடித்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னார். எழுதிக்கொள்ளத் தோன்றவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

ஐந்து மணிப் பேச்சு நிற்கவில்லை. அவளைப் பற்றி அவருக்குக் கவலை, ஹைக்கே. அது மொழி தெரியாதவளுக்கும் தெரிகிறது. எழுந்து நிற்கும்போது சட்டையைச் சரி செய்துகொள்கிறார். எழுபத்தொன்றில் அவருடைய அப்பா இறந்தபோது தனியாக ஊருக்குப் போனார். மூன்று வாரம். திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது நான் கேட்டால் அவருக்குப் புரியாது, அவர் சொன்னால் எனக்குப் புரியாது. நல்ல ஏற்பாடு.

நகராட்சியிலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தாள். முதியோர் இல்லத்தில் மே கடைசியில் ஓர் இடம் காலியாகிறதாம். "உங்க முழங்காலோட இவரை எத்தனை நாள் தூக்கிக்கிட்டு நடப்பீங்க?" என்றாள். படிவத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தபால்களுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

விஸியிடம் மறுபடி கேள்.

அம்மா


காஸெரெஸ்,
9 மார்ச் 1997

அன்புள்ள அம்மாவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை, பாடம்தான் நெருக்கிவிட்டது. நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நாரைகள் வந்து எல்லாக் கோபுரத்திலும் கூடு கட்டிவிட்டன. காலையில் அலகைத் தட்டுகிற சத்தத்தில் லூர்தெஸ் சொல்வது காதில் விழுவதில்லை. 'நடந்திருக்கலாம்', 'நடக்காமல் போகட்டும்' என்பதற்கெல்லாம் இந்த மொழியில் தனி வினைச்சொல் உருவம் இருக்கிறது. ஜப்பானியர் அதைக் கேட்டுப் புத்தகத்தையே மூடி வைத்துவிட்டார். கன்னியாஸ்திரீ மட்டும், "ஜெபம் பண்றவங்களுக்கு இது ரொம்ப வசதி" என்றாள்.

அப்பாவை இல்லத்தில் சேர்ப்பதை அவசரப்பட்டு முடிவு செய்யாதே. அங்கே ஒருவருக்கும் ஸ்பானிஷ் தெரியாது. ஜூலையில் நான் வந்துவிடுவேன்.

அந்த ஐந்து மணி வாக்கியத்தைக் கண்டுபிடித்துவிட்டோம். நீ பயந்த மாதிரி ஒன்றுமில்லை. அப்பா சிறு வயதில் ஆடு மேய்த்தாரல்லவா? வேறு மந்தையிலிருந்து வழிதவறி வந்து சேருகிற ஆட்டை அந்தப் பக்கத்தில் அப்படிச் சொல்வார்களாம். பொழுது சாய்ந்தால் அதைத் திருப்பி ஓட்டிவிடவேண்டும். பழைய ஞாபகம், அவ்வளவுதான்.

முழங்காலுக்குக் கசில்டா ஒரு தைலம் தந்திருக்கிறாள், அனுப்புகிறேன்.

ஹைக்கே


ஹனோவர்,
15 மார்ச் 1997

அன்பு ஹைக்கேவுக்கு,

சுகம்.

ஆடா? ஓர் ஆட்டுக்காகவா சட்டையைச் சரி செய்துகொள்கிறார்?

தைலம் வந்தது. கசில்டாவுக்கு நன்றி சொல்.

அம்மா


காஸெரெஸ்,
31 மார்ச் 1997

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன்னிடமிருந்து இரண்டு வாரமாக ஒரு வரிகூட இல்லை. ஈஸ்டர் அன்று தொலைபேசியில் கூப்பிட்டபோது, "எல்லாம் நல்லா இருக்கு, கை வேலையா இருக்கேன்" என்று வைத்துவிட்டாய். பின்னால் யாரோ ஓர் ஆணின் குரல் கேட்டது, அப்பாவின் குரல் இல்லை. மருத்துவரா? அப்பாவுக்கு ஏதாவது ஆகி, என்னிடம் மறைக்கிறாயா?

இந்த ஞாயிற்றுக்கிழமை விஸியோடு நாவலென்சினாவுக்குப் போகிறேன். அப்பாவின் வீடு இருக்கிறதா என்று பார்த்து எழுதுகிறேன்.

இரண்டு வரி போதும், எழுது.

ஹைக்கே


காஸெரெஸ்,
14 ஏப்ரல் 1997

அன்புள்ள அம்மாவுக்கு,

இன்னும் உன் கடிதம் வரவில்லை. நீங்கள் இருவரும் சுகமாக இருக்கவேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

உன்னிடம் பொய் சொன்னேன். அது ஆடு இல்லை.

முதல் நாளே விஸிக்குப் புரிந்துவிட்டது. தாளைப் படித்துக்கொண்டே வந்தவள் அந்த வரியில் நின்றாள். வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "இதை உங்கம்மாதான் எழுதினாங்களா? அவங்க கையாலயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "கடவுளே," என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஃபொராஸ்தேரா என்றால் வெளியூர்க்காரி. அடுத்த ஊரிலிருந்து வந்த அன்னியப் பெண். 'அந்த வெளியூர்க்காரி அவங்க வீட்டுக்குப் போகட்டும்' என்கிறார் அப்பா. அறையில் அவரோடு இருப்பது நீ ஒருத்திதான், அம்மா.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு மாதம் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். விஸிதான் திட்டினாள். "இல்லவே இல்லாத ஒருத்தி மேல உங்கம்மா பொறாமைப்பட்டுக்கிட்டிருக்காங்க. அது உனக்கு நல்லாவா இருக்கு? ஆடாம், ஆடு! இதுக்கா உனக்கு இறந்தகாலம் சொல்லிக் கொடுத்தேன்?"

என்னை மன்னித்துவிடு. என்ன வேண்டுமானாலும் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருக்காதே.

ஹைக்கே


ஹனோவர்,
16 ஏப்ரல் 1997

அன்பு ஹைக்கேவுக்கு,

பயப்படாதே, அப்பா நன்றாக இருக்கிறார். எனக்கும் ஒரு குறையும் இல்லை. எழுதாததற்குக் காரணம் வேறு. கோபமாக இருந்தேன். கோபத்தில் எழுதினால் தபால்காரர் திருப்பித் தரமாட்டார்.

நீ கேட்ட ஆண்குரல் ஒஸ்வால்தோவுடையது. நான் பிப்ரவரியிலிருந்து ஸ்பானிஷ் படிக்கிறேன். முதலில் நகராட்சி மாலைப்பள்ளியில் சேர்ந்தேன். பக்கத்து வீட்டம்மா அப்பாவோடு உட்கார்ந்திருப்பாள், நான் வாரத்துக்கு இரண்டு நாள் போய்வருவேன். அங்கே எல்லாரும் ஸ்பெயினின் தீவுகளுக்குச் சுற்றுலா போகப் படிப்பவர்கள். 'ஹோட்டல் அறையில் கடல் தெரியுமா' என்று கேட்கக் கற்றுக் கொடுத்தார்கள். உன் அப்பாவிடம் அதைக் கேட்டு நான் என்ன செய்ய? அதனால் தனி ஆசிரியர் வைத்துக்கொண்டேன். ஒஸ்வால்தோ சிலி நாட்டுக்காரர், பல் கட்டுகிறவர். எழுபத்து நான்கில் அங்கே ராணுவ ஆட்சியிலிருந்து உயிர் தப்பி இங்கே வந்தவராம். மாலையில் வீட்டுக்கே வருகிறார்.

மார்ச் பத்தாம் தேதி அவரிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். "உங்க வீட்டுக்காரர் நடுவுல ஓர் எழுத்தை முழுங்கிடறார். எங்க நாட்டுலயும் அப்படித்தான் முழுங்குவோம்," என்று சிரித்துக்கொண்டே அர்த்தத்தையும் சொல்லிவிட்டார். யாரைச் சொல்கிறார் என்று அவருக்குத் தெரியாதல்லவா? நான் காபி போட உள்ளே போனேன். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

நான்கு நாள் கழித்து உன் ஆடு வந்து சேர்ந்தது.

அதைப் படித்த அன்று இல்லத்துப் படிவத்தைத் தபால்களுக்கு அடியிலிருந்து எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். இவருக்கு நான் யாரோ என்றால், யாரோ ஒருத்தி அங்கேயும் பார்த்துக்கொள்வாளே என்று தோன்றியது. இன்னும் அனுப்பவில்லை.

உனக்கு ஒரு விஷயம் தெரியவேண்டும். உனக்கு ஏன் ஸ்பானிஷ் தெரியாது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. அப்பாவுக்கு அக்கறை இல்லை என்று நினைத்திருப்பாய். உனக்கு நான்கு வயது. அவர் மடியில் உட்கார்ந்து இரண்டு மொழியையும் கலந்து கிளி மாதிரி பேசுவாய். பாலர் பள்ளி ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, குழந்தை குழம்பிப்போகும், வெளிநாட்டுக்காரப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்காரவேண்டி வரும் என்றாள். அன்று சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன்: "இந்த வீட்டுக்குள்ள இனிமே அது வேண்டாம்."

அவர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "சரி" என்றார். ஒரே ஒரு சொல், ஜெர்மனில். சண்டை போடவில்லை, காரணம் கேட்கவில்லை. அன்றோடு நிறுத்திவிட்டார். நீ ஒரு வாரம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து ஏதேதோ கேட்டாய். அப்புறம் நீயும் நிறுத்திவிட்டாய்.

வெளியூர்க்காரி என்று அவர் என்னைச் சொல்லும்போது எனக்கு அந்தத் தொப்பிதான் கண்ணில் நிற்கிறது.

பாடத்தை விட்டுவிட்டு ஓடி வராதே. சாப்பாட்டைத் தவிர்க்காதே.

அம்மா


காஸெரெஸ்,
26 ஏப்ரல் 1997

அன்புள்ள அம்மாவுக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன்னுடையதைச் சந்தை வாசலில் நின்று படித்தேன். ஒரு காய்கறிக்காரர், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு உட்காரப் பெட்டி போட்டார். இப்போது சரியாக இருக்கிறேன். நீ?

நான்கு வயது என்று நீ எழுதியதைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். அந்த ஒரு வாரம் எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை. உன்மேல் கோபம் வருமோ என்று காத்திருந்தேன், கொஞ்சம் வந்தது. அப்போது உனக்கு முப்பது வயது, இன்று எனக்கிருப்பதைவிடக் குறைவு என்பதும் கூடவே வந்தது.

நாவலென்சினா போனதைச் சொல்லவேண்டும். தள்ளித் தள்ளிப் போய், போன ஞாயிற்றுக்கிழமைதான் போக முடிந்தது. அப்பாவின் வீட்டில் இப்போது வைக்கோல் அடைத்திருக்கிறார்கள். ரொட்டிக்கடையில் நாலைந்து பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எலாதியோவின் மகள் என்றதும் ஆளாளுக்கு என் மூக்கையும் நெற்றியையும் பங்கு பிரித்தார்கள். அங்கே லெயாந்த்ரா என்று ஒருத்தி அப்பாவோடு படித்தவள். அவளிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"அது துரத்தற பேச்சு இல்லை, பொண்ணே," என்றாள். "அந்தக் காலத்துல ஆத்துக்குப் பாலம் கிடையாது. அடுத்த ஊர்லேர்ந்து வேலைக்கு வர்றவங்களை இருட்டறதுக்கு முன்னாடி அனுப்பிடணும். யாராவது மறந்துட்டா வீட்டு ஆம்பளை எழுந்து நின்னு சொல்லுவான். 'பாவம், போகட்டும், களைச்சுப் போயிருப்பா'ன்னு. நல்ல குடும்பத்துல அப்படித்தான் சொல்லுவாங்க."

உன்னை ஆறுதல்படுத்தக் கட்டிய கதை இல்லை இது. விஸி பக்கத்திலேயே நின்று கேட்டாள், வேண்டுமானால் அவளுடைய கையெழுத்தும் வாங்கி அனுப்புகிறேன். இனி ஆடு கிடையாது.

படிவத்தை என்ன செய்தாய்? நான் இப்போதே கிளம்பி வரட்டுமா? ஒரு வார்த்தை சொல், வந்துவிடுகிறேன்.

ஹைக்கே


ஹனோவர்,
25 மே 1997

அன்பு ஹைக்கேவுக்கு,

இங்கே இருவரும் நன்றாக இருக்கிறோம். முழங்கால்கூட வெயிலுக்கு அடங்கியிருக்கிறது. நீ வரவேண்டாம், படித்து முடி. ஜூலைவரை நாங்கள் எங்கேயும் போய்விடமாட்டோம். இல்லத்தில் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான்தான் நகராட்சிப் பெண்மணியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நல்லா யோசிச்சீங்களா?" என்றாள். "யோசிக்கிறதை நிறுத்திட்டேன், பாடம் நிறைய இருக்கு," என்றேன்.

லெயாந்த்ரா சொன்னதை ஒஸ்வால்தோவுக்குப் படித்துக் காட்டினேன். அதற்கப்புறம் ஐந்து மணிக்கு அவர் எழுந்து நிற்கும்போது வேறு மாதிரி கேட்கிறது.

வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பாதி அன்றைக்கே புரிந்தது, மீதியை எழுதி வைத்து மறுநாள் ஒஸ்வால்தோவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மாலைச் சாப்பாட்டுக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரிக்காய் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா வழக்கம்போல எழுந்து நின்றார், வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார். நான் பத்து நாளாக ஒத்திகை பார்த்திருந்ததைச் சொன்னேன்: "எனக்கு அவசரம் இல்லைங்க."

திடுக்கிட்டுப் பார்த்தார். மேஜை நாற்காலி பேசின மாதிரி. அப்புறம் மெதுவாக உட்கார்ந்தார்.

"நீங்க எந்த ஊரு?"

"இந்த ஊருதான்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"வீட்டுக்காரர் நல்லவரா?"

இங்கேதான் கோட்டை விட்டேன். ஸ்பானிஷில் 'இருக்கிறார்' என்பதற்கு இரண்டு சொல் உண்டே, உனக்குத் தெரிந்திருக்கும். ஒன்றைப் போட்டால் 'ரொம்ப நல்லவர்' என்று பொருள். அவசரத்தில் நான் மற்றதைப் போட்டுவிட்டேன். நான் சொன்னது என்ன தெரியுமா? "ஆள் அள்ளித் திங்கலாம் போல இருக்கார்!"

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கியது. அக்டோபருக்கு அப்புறம் அவர் சிரித்து நான் கேட்டதில்லை, ஹைக்கே. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். என்ன தப்புச் செய்தேன் என்று தெரியாமல் நானும் சிரித்தேன். நின்று சிரிக்க முடியாமல் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்படிப்பட்ட ஆளை வீட்டுல தனியா விட்டுட்டு இங்க என்ன பண்றீங்க?" என்றார்.

"அவர் காத்திருப்பார்," என்றேன். காத்திருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்த வினைச்சொல். அதில் தப்பு வரவில்லை.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். யாரென்று தெரிந்து பார்த்தார் என்று உனக்கு எழுத ஆசைதான். இல்லை, தெரியவில்லை. ஆனால் எதிர் நாற்காலியைக் காலால் தள்ளி இழுத்துப் போட்டார்.

"அப்ப சாப்பிட்டுட்டுப் போங்க."

உட்கார்ந்தேன். ரொட்டியை எடுத்து மார்போடு அணைத்துப் பிடித்து, கத்தியைத் தன் பக்கமாக இழுத்து வெட்டினார். துண்டு கோணலாக வந்தது, நான் உதவவில்லை. முதல் துண்டை என் தட்டில் வைத்தார். இத்தனை வருஷத்தில் அந்த மேஜையில் எனக்கு யாரும் முதலில் பரிமாறியதில்லை.

பொறுமையாக வா. வரும்போது நல்ல இலக்கணப் புத்தகம் ஒன்று வாங்கி வா, பெரிய எழுத்தில்.

உன் அம்மா,
ரோஸ்விதா